உள்பக்கமாகப் போட்ட கோடு

ஜஸ்டினின் படத்தைச் சுற்றிக் கறுப்பு பார்டர் இருந்தது.

வேறு யாரோ என்றுதான் மரிய செல்வி முதலில் நினைத்தாள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் முழுவதும் அவளுடைய கம்ப்யூட்டரில் இறந்தவர்களின் முகங்கள்தான். விராலிமலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஞானமணி அண்ணன் படங்களை அனுப்புவார். ஆவூரில் வீட்டிலிருந்தபடியே அவள் ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் கூட்டி, அளவு வெட்டி, கறுப்பு பார்டர் போட்டுத் திருப்பி அனுப்புவாள். பிறகு அவை லேமினேஷன் ஆகி, கல்லறைச் சிலுவைகளின் அடியில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நிற்கும். அந்தப் படங்களில் எதுவும் சாவு வீட்டில் எடுத்தது அல்ல. யாருடைய கல்யாணத்திலோ புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அடுத்த பந்திக்குக் காத்து நின்றவர்கள். பார்டர் விழும் வரை அவர்கள் அங்கேயேதான் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும்.

ஆனால் இந்தப் படத்தில் இருந்தவன் குவைத்தில் இருந்தான். அவள் கணவன். வெள்ளிக்கிழமை லீவு என்று, தங்கியிருக்கும் கேம்ப் வாசலில், இடது கையைக் கதவில் ஊன்றி, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தபடி எடுத்து அனுப்பியிருந்தான். "மாப்ள மாதிரி இருக்கேனா?" என்று கீழே ஒரு வரி. காலையில் போனில் பார்த்துச் சிரித்ததோடு சரி. கம்ப்யூட்டரில் அவள் அதை இறக்கவே இல்லை.

அப்படியானால் இறக்கியது யார்?

வெளியே மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஆவதற்குள்ளேயே இருட்டிவிட்ட அறையில், கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகளுக்கு அடித்த சுண்ணாம்பின் ஈர வாடை சன்னல் வழியாக வந்து, கம்ப்யூட்டரின் சூட்டு வாடையோடு கலந்து நின்றது. மத்தியானம் அவள் அடுப்படிக்குப் போகும்போது, போல்டரில் கிடந்த படங்களுக்கெல்லாம் மென்பொருளே வரிசையாகப் பார்டர் போட்டுக்கொள்ளும்படி ஓடவிட்டிருந்தாள். அவளுடைய வாட்ஸ்அப் கம்ப்யூட்டரிலும் திறந்துதான் கிடந்தது. யாராவது வந்து உட்கார்ந்து, ஜஸ்டின் படத்தை இழுத்து அந்தப் போல்டரில் போட்டால் போதும். வீட்டில் இருந்தது நான்சி மட்டும்தான், கொழுந்தன் டேவிடின் மனைவி. ஜஸ்டினுக்கு வந்த விசா முதலில் டேவிடுக்கென்றுதான் பேசியது. நான்சி அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. செல்விக்கு அந்த மௌனத்தின்மேல் எப்போதுமே ஒரு கண் இருந்தது.

"பார்டரை வெளிப்பக்கமா போட்டா சைஸ் கூடிரும்மா, பிரேம்ல ஒக்காராது. உள்பக்கமாவே போடு" என்று ஞானமணி அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் அவள் போடும் பார்டர் எப்போதும் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். பார்டருக்கு அடியில் போனது போனதுதான். ஒரிஜினல் இருந்தால் பிழைத்தோம்.

போனைத் திறந்தாள். போனில் இருந்த படத்திலும் பார்டர் இருந்தது.

கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட விரல் போனது. அழிக்க மனம் வரவில்லை. க்ராப் எடுத்து, நாலு பக்கமும் கறுப்பை மட்டும் ஒட்ட வெட்டினாள். பார்டர் போய்விட்டது. கதவில் ஊன்றியிருந்த கையின் விரல்களும் கூடவே போயின. பரவாயில்லை, முகம் இருக்கிறதே என்று சேமித்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. இடது கைதான் திடீர்னு மரத்துப்போச்சு. வெரல் இருக்கா இல்லையான்னே தெரியல."

"தேச்சு விடுங்க."

"தேச்சு விட ஆளு வேணும்ல? நீ கெளம்பி வா."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

திரையில் பார்டர் மறுபடியும் இருந்தது. முன்பைவிடத் தடிமனாக.

வாசலில் நான்சி காபியோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"மத்தியானம் சிஸ்டத்துல ஒக்காந்தியா நீ?"

"நான் ஏன்க்கா ஒக்காரப் போறேன்? செத்தவுக மொகத்தைப் பாத்தா எனக்குச் சோறே எறங்காது."

"அப்ப அவுக படத்துக்குப் பார்டர் போட்டது யாரு? வானத்துலேருந்து சம்மனசு எறங்கி வந்து போட்டுச்சா?"

நான்சி எட்டிப் பார்த்தாள். டம்ளரைத் தட்டோடு மேசையில் வைத்தாள். "மாதாவே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏன்க்கா, என்னையவா சந்தேகப்படுறீங்க? அவுகளுக்கு ஒண்ணுன்னா எனக்கு மட்டும் நல்லாவா இருக்கும்?"

"நடிக்காத. அங்கிட்டுப் போ."

நான்சி போனாள். காபி மேசையில் ஆடை கட்டத் தொடங்கியது. அடுத்த அறையில் அவள் அழுகிற சத்தம் கேட்கிறதா என்று செல்வி காது கொடுத்தாள். கேட்கவில்லை. அழாதது சந்தேகத்தைக் கூட்டியது.

கரண்ட் போனது. காத்தாடி மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. மேசைக்கடியில் யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. அறையில் இப்போது வெளிச்சமாக இருந்தது அந்தப் படம் மட்டும். கறுப்பு அவன் இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது. யூபிஎஸ் சாவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவள் மறுபடியும் வெட்டினாள். கீழே தாராளமாக, பக்கங்களில் தாராளமாக. மார்பும் தலையும் மிஞ்சின. சுத்தமான படம். மூச்சு விட்டாள்.

போன் அடித்தது. ஜஸ்டின் நம்பர்தான். பேசியது அவனோடு அறையில் தங்கியிருக்கும் வசந்தகுமார்.

"அண்ணி, பதறாதீங்க. அண்ணன் ஒக்காந்த எடத்துலேருந்து எந்திரிக்க முடியலங்குறாரு. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியலயாம். ரெண்டு கையும் வெளங்கல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கு."

செல்வி திரையைப் பார்த்தாள்.

முதலில் விரல்கள். இப்போது இடுப்பு, கைகள்.

நான்சி வெட்டவில்லை. வேறு யாரும் வெட்டவில்லை. செல்விதான் வெட்டினாள்.

பின்னோக்கிப் போகும் பட்டனை அழுத்தினாள். அழுத்தினாள். எதுவும் திரும்பவில்லை. சுத்தமாக இருந்த படத்தின் விளிம்பில் மெல்லிய கறுப்பு இழை ஒன்று தோன்றியது. தடித்தது. சட்டையின் ஒரு பித்தான் மறைந்தது. அவள் கண்ணெதிரே அடுத்த பித்தானும்.

"நான்சி!" என்று கத்தினாள். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

யூபிஎஸ் நீளமாக ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. திரை செத்தது. முழு இருட்டு. ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு கையில் இருந்த போன் ஞாபகம் வந்தது.

ஸ்பீக்கரில் வசந்தகுமார் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். "அண்ணி, லைன்ல இருக்கீங்களா? மூச்சு வாங்குது அண்ணி. பேச்சு வரல. எதையோ சொல்லப் பாக்குறாரு."

போனில் அந்தப் படத்தைத் திறந்தாள். கறுப்பு கழுத்தடியில் இருந்தது. கட்டைவிரல் தானாகவே வெட்டும் மூலைக்குப் போய் நின்றது. வெட்டினால் கழுத்து. வெட்டாவிட்டால் கறுப்பு ஏறி வரும்.

விரலை எடுக்க முடியவில்லை. அசைக்கவும் முடியவில்லை.

ஜஸ்டின் சிரிக்கவில்லை. கேமராவைப் பார்க்கவுமில்லை. முகம் மட்டும்தான் மிச்சம். அதில் கண்கள் இரண்டும் கீழே தாழ்ந்து, மேலேறி வரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.