மறுமுனையைப் பிடித்தவள்

கூரைத் துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

சாயங்காலம் தூங்கி எழுந்து, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, ஆறிப்போன டீயோடு ஷெட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நேற்றுவரை வெறும் கம்பிச் சட்டமாக, விலா எலும்பு தெரிய நின்ற பழைய கார், இன்று கறுப்புக் கூரையை இழுத்து மாட்டிக்கொண்டு நின்றது. பசை வாசனையும் புதுத் துணியின் வாசனையும் துருவின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. ஜன்னல் வழியாக வந்த கடைசி வெயில் அந்தத் துணிமேல் விழுந்து, எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"யாரு இழுத்தா?"

"நான்தான்." கணவர் முன்சக்கரத்தருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தனியாவா?"

"ஏன், என்னால முடியாதா?"

முடியாது என்று எப்படிச் சொல்வது? நர்ஸ் வேலையில் அவள் பார்க்காத கையா? அவருடைய இடது கை, பக்கவாதம் வந்த நாளிலிருந்து மடியில் கிடந்த கை, ஒரு சட்டைப் பொத்தானைக்கூடப் பிடிக்காது. துணியைத் தைத்துக் கொடுத்த கார் சீட் கடைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல இழுக்கணும் சிஸ்டர். ஒரு பக்கம் தளர்ந்தா துணி கோணிக்கும். அப்புறம் சாமியே வந்தாலும் நேராகாது. மாட்டினதும் ஒரு வாரம் திறக்கவே கூடாது, துணி சட்டத்துக்குப் பழகணும்."

இரண்டு பேர் வேண்டிய வேலை. இருந்தது ஒரு கை.

"நல்லா வந்திருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேச அவளுக்கு மனசு வராது. தொலைதூர பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மாதக்கணக்கில் அதே சுவர். பகலில் கூட இருக்கலாம் என்று அவள் நிரந்தர இரவு ட்யூட்டி வாங்கிக்கொண்டாள். பகலெல்லாம் பிணம் மாதிரி தூங்கினாள். கூட இருந்த லட்சணம் அவ்வளவுதான். அப்போதுதான் அவள் தம்பி, யார் வீட்டுக் கொல்லையிலோ கிடந்த இந்தத் திறந்த காரை லாரியில் கட்டி இழுத்துவந்து இறக்கினான். கூரை இல்லை, பிரேக் இல்லை, சீட்டுக்குள் எலிக்குடும்பம். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க மாமா, இதையாவது சுரண்டுங்க" என்று கேலி பண்ணிவிட்டுப் போனான். அவரும் உப்புத்தாளை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் சாப்பிடும்போது வாயைத் திறந்து, "குழம்புல உப்பு கம்மி" என்றார். அவள் அடுக்களைக்குள் போய் அழுதாள், சந்தோஷத்தில்.

ஒரே ஒரு தடவைதான் அவளுக்கு அலுத்துப்போனது. போன வாரம். இரண்டு பேர் ட்யூட்டியை ஒருத்தியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நிற்பதே ஒரு வேலையாக இருந்தது. அவர் துணியை விரித்து வைத்துக்கொண்டு, "அந்த முனையைக் கொஞ்சம் பிடிம்மா" என்றார்.

"என்னால முடியலைங்க. என்னை மாதிரியே இன்னொருத்தி கிடைச்சா கூட்டிட்டு வந்து வேலை வாங்கிக்கோங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்ததாக ஞாபகம். பிறகு போய்ப் படுத்துவிட்டாள்.

கூரை ஏறிய அன்று ட்யூட்டிக்குக் கிளம்பும்போது, வழக்கம்போல ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் காருக்குள் இருந்தார். கதவுகள் சாத்தியிருந்தன. கூரையை இரண்டு தட்டுத் தட்டி, தினமும் சொல்வதைச் சொன்னாள்.

"ஏங்க, சாப்பாடு மூடி வச்சிருக்கேன். மாத்திரையை மறந்துடாதீங்க. வரேன்."

"சரிம்மா" என்றது உள்ளிருந்து அவர் குரல்.

கூடவே இன்னொரு சத்தம். சின்னது. மூச்சும் அல்லாத, பேச்சும் அல்லாத, அமுக்கிப் பிடித்த மாதிரி ஒரு 'ம்ம்'. அவள் ஒரு நிமிஷம் நின்றாள். எலியாக இருக்கும். அத்தனையும் போயிருக்குமா என்ன? பஸ் போய்விடும் என்று நடையைக் கட்டினாள்.

மறுநாளிலிருந்து தூக்கம் கெட்டது. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஷெட். தடித்த திரை போட்டு இருட்டாக்கிய அறையில், பாதித் தூக்கத்தில், உப்புத்தாள் தேய்க்கும் சத்தமும் ஸ்பானர் தரையில் விழும் சத்தமும் எப்போதும் அவளுக்குத் தாலாட்டு மாதிரி. அவர் உயிரோடு இருக்கிறார், வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். இப்போது அவற்றின் நடுவே அவர் குரல் கேட்டது. மெதுவாக, பொறுமையாக.

"மிதி... விடு. மிதி... விடு."

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலை அது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். அவர்தான் முன்பு விளக்கியிருந்தார். ஒவ்வொரு 'மிதி'க்கும் பிறகு பெடல் கிறீச்சென்று இறங்கியது. ஒவ்வொரு 'விடு'வுக்கும் பிறகு ஏறியது.

எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். உடம்பு எழவில்லை. கால்கள் யாருடையவோ போலக் கிடந்தன. போய்ப் பார்த்து, அங்கே யாரும் இல்லையென்றால் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது. யாராவது இருந்தால், அது அதைவிட மோசம். எதைப் பார்த்தாலும், அவர் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சுவர் திரும்ப வந்துவிடும். அவள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

சீட் கடைக்காரரை பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். மனுஷன் கோபமாக இருந்தார்.

"என்ன சிஸ்டர், நேத்து மத்தியானம் அத்தனை தடவ கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல?"

"எங்க?"

"உங்க ஷெட்லதான். கார்க் கதவு திறந்திருந்துச்சு, உள்ள உக்காந்திருந்தீங்க. வாசல்லருந்து கூப்பிட்டேன். சார்தான் எழுந்து வந்து, அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டார்."

மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் நடக்கிறேனா? வார்டில் அப்படி நடந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு களைப்பில் அது நடக்கக்கூடியதுதான். அந்த நினைப்பே அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்றால், நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் படுக்குமுன் அறைக்கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டு, அதன்மேல் நூலைச் சுற்றி முடிச்சிட்டாள். எழுந்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளங்கையில் பசை இல்லை, நகத்தில் கறுப்பு இல்லை.

ஷெட்டுக்குப் போனாள். பெயின்ட் அடிப்பதற்காகக் கார்க் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் செய்தித்தாள் ஒட்டியிருந்தார். உள்ளே எதுவும் தெரியவில்லை. கூரையின் ஓரத் தையலில், பசையோடு சேர்ந்து ஒரு நீளமான முடி ஒட்டியிருந்தது. பாதிவரை நரை. அவள் அதை இழுத்துத் தன் பின்னலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அதன்பிறகு எது தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை.

அன்றும் கிளம்பும்போது தட்டினாள். அன்றும் அந்த 'ம்ம்' கேட்டது. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"திறக்காத, துணி இன்னும் பழகல" என்றார் உள்ளிருந்து.

கையை எடுத்துவிட்டாள். பஸ் ஹாரன் கேட்டது.

மறுநாள் காலை ட்யூட்டி முடிந்து ஒரு முடிவோடு வந்தாள். அவர் குளியலறைக்குள் போனதும், படுக்கையறைக் கதவைச் சாத்திவைத்துவிட்டு, செருப்பில்லாமல் பின்வாசல் வழியாக ஷெட்டுக்குப் போனாள். அந்த இன்னொருத்தி யாரானாலும், இன்றைக்கு அவள் இடத்தில் தான் உட்கார்ந்திருப்பது, வந்தால் பார்த்துவிடுவது. காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். சாத்திய பிறகுதான் பார்த்தாள், அந்தக் கதவுக்கு உள்பிடி இன்னும் பொருத்தவில்லை. போகட்டும், அவர் வந்து திறப்பார்.

உள்ளே, செய்தித்தாள் வழியாக வடிந்த வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. கூரை தலைக்குமேல் ஒரு சாண்கூட இல்லை. ஆஸ்பத்திரிச் சோப்பின் வாசனை அடித்தது. தன் கையிலிருந்து வருகிறதோ என்று முகர்ந்து பார்த்தாள். இல்லை, சீட்டிலிருந்து வந்தது. சீட் கதகதப்பாக, அவள் முதுகின் வளைவுக்கு ஏற்கெனவே பழகியதுபோல, கச்சிதமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு இடத்தில் அவள் சாய்ந்ததில்லை.

கண்ணை மூடாதே என்று சொல்லிக்கொண்டாள்.

மூடிவிட்டாள்.

விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. பக்கத்து சீட்டில் அவர். வண்டியின் முன்பலகையில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். வலது கையில் திருப்புளி. இடது கையில் கண்ணாடி. சட்டைப் பொத்தானைக்கூடப் பிடிக்காத அதே இடது கை.

"இன்னிக்குச் சீக்கிரமே வந்து உக்காந்துட்ட" என்றார். அவ்வளவு கனிவான குரலை அவள் கேட்டு வருஷமாகிறது.

"ஏங்க... நான்தாங்க."

"தினமும் இதையே சொல்லாத" என்றார் அவர், திருகை முடுக்கிக்கொண்டே.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அலாரம் அடித்தது.

அவளுடைய அலாரம். அவள் படுக்கையில்.

கட்டில் கிறீச்சிட்டது. அலாரம் நின்றது. யாரோ நிறுத்தினார்கள். கொட்டாவி. குழாயில் தண்ணீர். டீ டம்ளர் வைக்கும் சத்தம். சேலையின் சரசரப்பு. எல்லாம் அவள் செய்யும் வரிசையிலேயே.

கதவைத் தடவினாள். பிடி இல்லாத தகரம். கூரையை முட்டினாள். துணி கல்லாக இருந்தது.

செருப்புச் சத்தம் வந்தது. களைத்த நடை. இடது குதிகாலைக் கொஞ்சம் தேய்க்கும் நடை. அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

கூரையில் இரண்டு தட்டு. துணி அவள் நெற்றிக்குமேல் இரண்டு தடவை குழிந்து நிமிர்ந்தது. நான்கு விரல்களின் அச்சு.

"ஏங்க, சாப்பாடு மூடி வச்சிருக்கேன். மாத்திரையை மறந்துடாதீங்க. வரேன்."

அவள் வாயைத் திறந்தாள். இடது கை வந்து வாயைப் பொத்தியது. இரும்பு மாதிரி.

"உஷ்" என்றார் அவர், காதோரம். "பாவம், அவளுக்குத் தெரிஞ்சா பயந்துடுவா." பிறகு வெளியே கேட்க, "சரிம்மா."

அவள் முழு பலத்தையும் திரட்டிக் கத்தினாள். அவர் விரல்களுக்கு வெளியே வந்தது ஒரு சின்ன 'ம்ம்'.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது.

ஒரு நிமிஷம் நின்றது.

உள்ளே இருந்தவளுக்குத் தெரியும், அந்த ஒரு நிமிஷத்தில் வெளியே நிற்பவள் என்ன நினைப்பாள் என்று. எலியாக இருக்கும் என்று நினைப்பாள். பஸ் போய்விடும் என்று நினைப்பாள்.

செருப்புச் சத்தம் மறுபடி கிளம்பியது. களைப்பாக, வாசலை நோக்கி.