பலகையின் மறுமுனை

பலகை கனக்கவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. இரண்டு பேர் திணறித் தூக்கும் பிளைவுட் பலகை அது, மழையில் ஊறியது வேறு. தனசேகரன் குனிந்து ஒரு முனையைப் பிடித்ததும் மறுமுனையும் கூடவே எழும்பி இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது.

கூட வேலை பார்க்கும் அஹ்சன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டான். நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து சுவர் இடித்ததில் தோள்கள் கழன்று விழுவதுபோல் வலித்தன. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையை ஒட்டிய அந்தப் பழைய கட்டடத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மழை இருட்டில் மூன்றாம் மாடி முழுக்க ஈரச் சுண்ணாம்பு நாற்றமும், கீழே பூக்கடையிலிருந்து ஏறி வந்த மல்லிகை மணமும் கலந்து குமட்டின.

"பலகையெல்லாம் இறக்கிடுங்க, லாரி வந்துடுச்சு லா," என்று மேற்பார்வையாளர் அப்துல் கையூம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இறக்கிவிட்டால் கிராஞ்சியில் தொழிலாளர் விடுதி, குளியல், தூக்கம். அடுத்த வாரம் ஊர். போனில் மட்டுமே பார்த்த மகளைக் கையில் வாங்கிவிடலாம்.

தரையில் துளை இருந்தால் அதைப் பலகையால் மூடிச் சிவப்பு பெயின்டில் குறுக்குக்கோடு போடுவார்கள். போன மாதம் கூட வேலை பார்த்த முத்தரசன் தூக்கியது அப்படியொரு மூடி. தூசியில் கோடு தெரியவில்லை. தூக்கிய பலகையே காலடியை மறைக்க, அப்படியே முன்னால் நடந்து துளைக்குள் விழுந்து செத்துப்போனான். பாவம், பிய்ந்த பூட்ஸை மஞ்சள் டேப் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தவன்.

"மெதுவா போ," என்றான் தனசேகரன்.

எதிர்முனையில் குனிந்த ஹெல்மெட் மட்டும் தெரிந்தது.

பலகை நகர்ந்தது. அவனும் வலது காலை எடுத்து வைத்தான்.

"அண்ணே." அஹ்சனின் குரல். கீழே, படிக்கட்டிலிருந்து. "தனியா தூக்காதீங்கண்ணே. இதோ வர்றேன்."

கால் நின்றது. குதிகால் சிமெண்டில். கால்விரல்களுக்கு அடியில் ஒன்றுமில்லை. சில்லென்ற காற்று.

பலகையின் மேல், அவன் கை தூசியைத் துடைத்த இடத்தில், சிவப்பு.

பலகையை விடப் பார்த்தான். விரல்கள் பிரியவில்லை. மெல்லக் குனிந்து அடியில் பார்த்தான்.

எதிரே ஒரு ஜோடி பூட்ஸ். ஒன்றில் மஞ்சள் டேப். அவற்றுக்குக் கீழே தரை இல்லை.

அவை பின்னோக்கி ஓர் அடி எடுத்து வைத்தன. பலகையும் கூடவே போனது.