அரைப் பல் சிரிப்பு

"இது யாருங்க?"

மடக்காத குடையோடு போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, சட்டம் போட்ட படத்தை டொக்கென்று மேசைமேல் வைத்தாள் அவள். வெளியே மழை பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. குடைத் தண்ணீர் கம்ப்யூட்டர் கீபோர்டு வரை சொட்டியது... சொட்டட்டுமே!

ஸ்டூடியோக்காரன் நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினான். பெரிய, நிதானமான கண்கள். சண்டைக்கு வந்த இடத்தில் கவனிக்கிற விஷயமா அது? கவனித்துத் தொலைத்தாள்.

"உங்க அண்ணன்தானேங்க. ஆஸ்பத்திரிச் சுவர்ல மாட்டறதுக்குக் கேட்ட படம்..."

"எங்க அண்ணனுக்கு முன்பல்லு பாதிதான் இருக்கும். இந்தாளுக்கு எல்லாம் வரிசையா பளபளன்னு இருக்கே! டூத்பேஸ்ட் விக்கவா இவரு வந்திருக்காரு?"

"அது... உடைஞ்சிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

அவன் வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

"தப்புதாங்க."

எதிர்த்துப் பேசியிருந்தாலாவது நிம்மதியாகத் திட்டியிருப்பாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். கோபம் வந்தால் போதும், பிரேக் இருக்கிற நினைப்பில் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இப்போதும் அழுத்தியது. ஒன்றும் நிற்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் வேலைக்குப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்தான் அண்ணன், எலக்ட்ரீஷியன். மூளைச்சாவு என்றார்கள். அவன் பர்சிலேயே உறுப்பு தான அட்டை இருந்தது. அம்மாவும் அவளும் கையெழுத்துப் போட்டார்கள். கண், கல்லீரல், சிறுநீரகம்... "பிள்ளையை முழுசா அனுப்பி வைக்கக்கூட மனசு வரலையா?" என்று அன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசிய சொந்தக்காரர்கள், இன்று மாலை படத்துக்குக் கைதட்ட வருகிறார்களாம். ஆஸ்பத்திரியில் படம் மாட்டுகிறார்கள் என்று தெரிந்த போன வாரத்திலிருந்து அவன் தெய்வப்பிறவியாம்! அவனவன் இஷ்டத்துக்கு அண்ணனை மாற்றிக்கொண்டே போனால், அவளுடைய அண்ணன் எங்கே போவான்?

"அஞ்சு மணிக்கு மாட்டுறாங்க," என்றாள். "அவன் கொடுத்ததெல்லாம் மனசாரக் கொடுத்தது. இந்த அரைப் பல்லை மட்டும் யாருக்கும் கொடுக்கலை. நீங்க எப்படி எடுக்கலாம்?"

அவன் சட்டம் போட்ட படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு, "நீங்க தந்த பழைய படம் என்கிட்ட பத்திரமா இருக்கு. அதை அப்படியே போட்டு நானே கொண்டு வர்றேன்," என்றான். "அந்தக் குடையை மட்டும் மடக்குங்க... கீபோர்டு நீச்சல் பழகுது."

"நல்லாப் பழகட்டும்!"

சொன்னபடி ஐந்து மணிக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். தொப்பலாக நனைந்திருந்தான், படத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை. அதே கிண்டல் சிரிப்பு, அதே அரைப் பல்... அண்ணன்!

முன்னமே வந்து காத்திருந்த அம்மா படத்தைப் பார்த்தாள். முகம் வாடியது.

"என்ன தம்பி... பல்லைச் சரி பண்ணித் தாங்கன்னு உங்ககிட்ட போன்ல அவ்வளவு சொன்னேனே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா! நீயா சொன்ன?"

"ஆமாடி. இருந்தவரைக்கும் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக என்னால முடியலை. படத்துலயாவது என் பிள்ளை முழுசா இருக்கட்டும்னு..."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபது வருஷமாகத் தொண்டையிலேயே நின்றதைச் சொல்ல, இதைவிட்டால் நேரமில்லை என்று மகளுக்குத் தோன்றியது.

"அவன் பல்லு படிக்கட்டுல விழுந்து உடையலைம்மா. நான்தான் டிபன் பாக்ஸை அவன் மேல தூக்கி எறிஞ்சேன். நான் அடி வாங்கக் கூடாதுன்னு உன்கிட்ட பொய் சொன்னான். பெரியவனானப்புறம் நானே காசு தர்றேன், டாக்டர்கிட்ட வான்னு கூப்பிட்டேன். வரலை. 'இந்தப் பல்லு இருக்கிறவரைக்கும் நீ எனக்கு அடிமை'ன்னு சொல்லிச் சொல்லி, என் சைக்கிளையெல்லாம் புடுங்கிக்கிட்டான்..."

அம்மா அந்தப் பல்லை விரலால் தடவினாள்.

"படவாப் பய... கடைசிவரைக்கும் உன்னைக் காட்டிக் கொடுக்கலையேடி." அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தாள். "தம்பி, இதையே மாட்டச் சொல்லுங்க."

மாட்டினார்கள். சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள். கைதட்டல் முடியும் முன்பே அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். ஸ்டூடியோக்காரன் அங்கே மழை விடட்டுமென்று நின்றிருந்தான்.

"ஏன் சொல்லலை?" என்று பாய்ந்தாள். "அம்மாதான் கேட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? அந்தத் திட்டுத் திட்டினேனே!"

"உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு அம்மா கேட்டுக்கிட்டாங்க."

"அதுக்காக? அடுத்தவங்க பழியை வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிறது... எங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்தன் இருந்தான். போதும்! எனக்குப் பிடிக்கலை. மனசுல இருக்கிறதைப் பேசித் தொலைங்க!"

"பேசட்டுமா?"

"பேசுங்க!"

"அண்ணனோட அரைப் பல்லுக்காக நீங்க இந்தப் போடு போடுறதைப் பார்த்தேனா..." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். "எனக்காகவும் ஒருத்தி இப்படிச் சண்டைக்குப் போனா எவ்வளவு நல்லா இருக்கும்னு தோணிச்சு. அது நீங்களா இருந்தா... இன்னும் நல்லா இருக்கும்னு தோணிச்சு."

கால் தானாகத் தரையை அழுத்தப் போனது. வேண்டாமென்று எடுத்துக்கொண்டாள்.

"இதையும் மறைச்சிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும் சேதி," என்றாள் முறைப்பாக, குடையை விரித்து. "நனையாதீங்க... குடைக்குள்ள வாங்க."