பிம்பத்தின் பக்கம்

புது வேலையின் முதல் நாள். அக்காவின் மேசை, அக்காவின் நாற்காலி. சுற்றிலும் செப்புத் தகடு அடித்த சோதனை அறை. கதவைச் சாத்திவிட்டால் வெளியிலிருந்து ஒரு ரேடியோ அலைகூட உள்ளே நுழையாது. நடுப்பகலிலும் ஒற்றை விளக்குதான்.

"அக்கா மேல தப்புன்னு தங்கச்சியே எழுதிக் குடுத்துட்டா பைல் மூடிடும்மா," என்று காகிதத்தை வைத்துவிட்டுப் போனார் மேற்பார்வையாளர். எழுதாவிட்டால் வேலை இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எதிரே கரை நிலையத்தின் ரிசீவர். புயலன்று ஒரு படகு கூப்பிட்ட குரல் இதில் கேட்கவே இல்லை. நாலு பேர் திரும்பவில்லை. இதைப் பொருத்திய அக்காமேல் பழி விழுந்தது. விசாரணைக்கு மறுநாள் இதே மேசையில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

ரேடியோவில் நமக்கு வேண்டிய அலைக்கு மறுபக்கம் ஒரு பிம்ப அலை உண்டு. இமேஜ் ரிஜெக்ட் மிக்சர் என்ற பகுதி பிம்பத்தை ஒழித்துவிட்டு நிஜத்தை உள்ளே விடும். அதன் இரண்டு கேபிள்களை மாற்றி மாட்டினால் எல்லாம் தலைகீழ். நிஜம் செத்துப்போகும், பிம்பம் பேசும்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். கேபிள்கள் மாறித்தான் இருந்தன.

அக்காமேல்தான் தப்பு என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

ஸ்பீக்கரில் டொக், டொக்.

ஆன்டெனா மாட்டவில்லை. சிக்னல் கொடுக்கும் கருவியும் அணைந்திருந்தது.

டொக், டொக்.

நட்டை முறுக்கி முடித்ததும் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டுவது அக்காவின் பழக்கம்.

நெயில் பாலிஷ் வாசனை வந்தது.

"மூடியத் தொறடி."

வேறு யார் குரலாக இருந்தாலும் ஓடியிருப்பேன். அந்த அதட்டலைப் பிறந்ததிலிருந்து கேட்டவள் நான். திறந்தேன்.

அக்கா நட்டை முறுக்கியபின் நட்டையும் பக்கத்துத் தகட்டையும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பாள். யாராவது கழற்றினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். இங்கே இரண்டு கோடுகளும் உடைந்து, பாதியோடு பாதி சேராமல் நின்றன.

இந்த அறைக்குச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று அக்காவிடம் இருந்தது, மற்றது மேற்பார்வையாளரிடம்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். உள்ளே சிக்னல் ஏது? போன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. "கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடமாட்டேன் சார். நீங்க கழட்டி, மாத்தி மாட்டியிருக்கீங்க."

"ஏன், உங்கக்காவே அப்புறம் கழட்டியிருக்கலாமே?"

"அவ கழட்டியிருந்தா புதுசா கோடு போட்டிருப்பா."

"வேலை போயிடும்மா."

"போகட்டும். எங்கக்கா பேரு போகாது." என் போன் டிங் என்றது. "கதவத் தொறந்துவிட்டதுக்கு நன்றி சார். இப்பதான் போட்டோ தலைமை ஆபீஸுக்குப் போய்ச் சேந்துது."

அவர் முகம் வெளுத்தது. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.

இழுப்பறையில் அக்காவின் பாலிஷ் பாட்டில் கிடந்தது. உள்ளே கல்லாகக் காய்ந்திருந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று திரும்பினேன்.

நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

தொட்டேன். இன்னும் காயவில்லை.