வண்டலும் ஒரு கடி ரொட்டியும்

மழைக்கு ஒதுங்க ஓடிவந்தவன் மோதியதில், மெஹ்ரங்கேஸின் கையிலிருந்த குப்பி கவிழ்ந்தது. அன்று காலை வக்ஷ் ஆற்றில் அவள் முகந்த நீர் முழுவதும் அவனுடைய பூட்ஸின்மேல்...

"கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரிஞ்சுது. அதனாலதான் கால் நிக்கல..."

நீண்ட இமைகளில் மழைத்துளி தங்கியிருக்க, அவன் கண்கள் சிரித்தன. அவளுடைய கோபம் பாதியிலேயே நின்றுபோயிற்று.

அவன் பெயர் சுஹ்ரோப்; தலைநகர் துஷன்பேயிலிருந்து வந்த பொறியாளன். நீர்மின் நிலையத்து மதகருகே, ஒளியைப் பாய்ச்சிக் கலங்கலை அளக்கும் கருவியைப் பொருத்த வந்திருந்தான். அது நிலைத்துவிட்டால், ஆறு ஆண்டுகளாக நீரை வடிகட்டி, உலர்த்தி, மணலை நிறுத்துவந்த அவளுடைய வேலை போய்விடும்.

மூன்றாம் வாரம் பனி உருகி ஆறு பெருகியது. கருவி, லிட்டருக்கு ஒரு கிராம் வண்டல் என்றது. அவளுடைய தராசோ நான்கு கிராம் என்றது.

"எஞ்சினியர் ஐயா, உங்க கருவிக்குக் கலங்கல்தான் தெரியும், கனமான மணல் தெரியாது. மணல் அரிச்சிடும், டர்பைன் சக்கரத்தை நிறுத்தச் சொல்லுங்க."

"ஒரு குப்பியை நம்பி நிலையத்தையே நிறுத்தினா, எல்லாரும் பல்லைக் காட்டிச் சிரிப்பாங்க."

"அவங்க பல்லு அப்படியே இருக்கும். சக்கரத்தோட இதழ்தான் போயிடும்."

அவன் தன் கருவி காட்டியதையே எழுதினான். அதன்பின் இருவரும் பேசவில்லை. ஆயினும் மழை பெய்த ஒவ்வொரு காலையிலும், அவள் வழுக்கி விழாதபடி மதகுப் படிகளில் யாரோ சாம்பல் தூவியிருந்தார்கள்...

பதினோராம் நாள் டர்பைனைத் திறந்தார்கள். இதழ்கள், புழு தின்ற இலைகளைப் போலிருந்தன. பழியை ஆற்றின்மேல் போட்டு எழுதித் தரும்படி மேலதிகாரி சொன்னார். சுஹ்ரோப் மறுத்தான். 'குப்பி காட்டியதே சரி. அதைப் புறக்கணித்தவன் நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

அவளுடைய வேலை நிலைத்தது. அவனுடைய வேலை போயிற்று.

"ரஷ்யாவுக்குப் போறேன். கட்டட வேலை," என்றான், வண்டிக்குக் காத்திருக்கையில்.

அந்நாட்டு வழக்கப்படி, ஊரைவிட்டுப் போகிறவன் ஒரு முழு ரொட்டியில் ஒரு வாய் கடித்துக் கொடுப்பான். அவன் திரும்பும்வரை வீட்டார் அதைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள்.

"ரொட்டியை யார்கிட்ட கடிச்சுக் கொடுத்தீங்க?"

"அம்மா போனப்புறம் வீட்ல வெறும் சுவர்தான் இருக்கு. சுவர்கிட்டயா கொடுக்கிறது?"

அவள் கையிலிருந்த துணிமூட்டையை அவிழ்த்தாள். சூடு ஆறாத ரொட்டியை இரு கைகளாலும் நீட்டினாள்.

"கடிங்க, சுஹ்ரோப்."

முதன்முறையாக அவன் பெயர்... அவன் திகைத்தான்.

"மெஹ்ரி, இதை வாங்கி வைக்கிறது வீட்டுக்காரங்கதான்..."

"தெரியாமலா நீட்டுறேன்?"

"எத்தனை வருஷம் ஆகுமோ..."

"காய்ஞ்ச ரொட்டி கெடாது. உலர்த்துறதுதானே என் வேலை?"

அவன் கடித்தான்.

"சாம்பல் தூவினது நான்தான்."

"தெரியும். நான் நனைச்ச பூட்ஸோட தடம் எனக்குத் தெரியாதா?"

வண்டி போயிற்று. தராசுக்கு மேலே இருந்த ஆணியில் அவள் ரொட்டியை மாட்டினாள்.

மறுநாள் காலையும் மழை. படிகளில் சாம்பல் இல்லை. அவள் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, குப்பியை ஆற்றில் தாழ்த்தினாள்.