சுழியம் போட்ட தலைவர்

கதவு அஞ்சுகத்தைப் பார்த்து “ஒன்று” என்றது. திறக்கவில்லை. உள்ளே எட்டு மாதக் குழந்தை வீறிட்டு அழுதது.

தூங்கிய பிள்ளையை விட்டுவிட்டுக் காய்ச்சல் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அதற்குள் அடுக்ககத்துக்குப் புதுத் தலைவர் வந்துவிட்டார். தலைவரின் எண்தான் எல்லாக் கதவுக்கும் எண். வாசலில் நிற்பவரின் எண்ணையும் கதவின் எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எது என்று காரணிப்பூட்டு தேடும். அந்த மீப்பெரு பொதுக் காரணி ஆறுக்குக் குறைந்தால் நீங்கள் அந்நியர். அஞ்சுகத்தின் எண் 35. பழைய தலைவர் 84, அதனால் ஏழு கிடைத்தது, பிழைப்பு ஓடியது. புதியவர் வேதமூர்த்தியோ 96. இந்தப் பூட்டைக் கண்டுபிடித்தவன் நாசமாய்ப் போக!

பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணுவும் 77 என்பதால் பெட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தான்.

“ஐயா, புள்ள உள்ள இருக்குங்க. ஒரு தடவ தொறந்து விடுங்க.”

“விதின்னா விதிதாம்மா,” என்றார் வேதமூர்த்தி, பல் குத்திக்கொண்டே. சுற்றி நின்ற அறுபதும் நாற்பத்தெட்டும் தலையாட்டின.

“நீயெல்லாம் மனுஷனாய்யா?” செருப்பைக் கழற்றி வீசினாள். அவர் தோளில் பட்டது.

“என் மேலயே செருப்பா? இனிமே உனக்கு எண்ணே கிடையாது. சுழியம்! நாய்கூட மதிக்காது, போ!” கைக்கருவியில் தட்டினார். கூட்டம் கைதட்டியது.

“தொண்ணூற்றாறு. முழு ஒத்தவர்,” என்று கதவு திறந்துகொண்டது.

கணக்குத் தெரியாத ஜென்மம்! சுழியத்தை எதனால் வகுத்தாலும் மீதி வராது, 96ஆலும்தான். அஞ்சுகம் ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி அணைத்து அழுதாள். மருந்தைப் புகட்டிவிட்டு, ஆத்திரம் அடங்காமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வேதமூர்த்தியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அதுவும் திறந்தது. அவர் மனைவிக்கே அங்கே ஆறுதான்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர் பதறி ஓடிவந்தார். அவளை வெளியே இழுத்து நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

“இப்ப நானும் சுழியம்! சுழியத்துக்கும் சுழியத்துக்கும் என்னடி பொது? இனி எப்படி நுழையிறேன்னு பாக்கறேன்!” மறுபடி தட்டினார்.

உண்மைதான், கதவு அவளுக்குத் திறக்கவில்லை. அவருக்கும் திறக்கவில்லை. தலைவர் சுழியமானதால் கதவும் சுழியம்; எல்லா எண்ணும் சுழியத்தை வகுக்கும். அதில் மிகப் பெரியது எது என்று பூட்டு தேடிக்கொண்டே இருந்தது. பழைய எண்ணுக்குத் திரும்பலாமென்று கருவியைத் தட்டினார். “சுழியத்துக்கு அதிகாரம் இல்லை,” என்றது.

துரைக்கண்ணு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “எழுபத்தேழு. முழு ஒத்தவர்,” என்று அதே கதவு அவனுக்கு வழிவிட்டது.

“அக்கா, புள்ளயத் தூக்கிட்டு உள்ள வாங்க,” என்று கதவைப் பிடித்துக்கொண்டான்.

அஞ்சுகம் நுழைந்தாள். பின்னாலேயே வந்த வேதமூர்த்தி கால் வைப்பதற்குள் அவளே கதவைச் சாத்தினாள்.