பனிக்குள் இன்னொருத்தி

பனியில் கால்தடம் இருந்தது.

இருக்கக் கூடாது. ட்ரெஸ்ஸாவின் கண்களில் மாட்டியிருந்த மெய்நிகர் காட்சிக் கருவிக்குள் வெள்ளைப் பள்ளத்தாக்கும், நீல ஆறும், கரை நெடுக நிற்கும் பனிப்பொம்மைகளும் மட்டும்தான் உண்டு. தலையைத் திருப்பிக் குறிபார்த்து, புண்படாத வலது கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் பனிப்பந்து பறந்துபோய் ஒரு பொம்மையை உடைக்கும், அந்த வேடிக்கையில் தண்ணீரின் சலசலப்பும், மருந்துச் சோப்பின் வாடையும், அவள் தொடையிலிருந்து செத்த தோலைத் துடைத்தெடுக்கும் துணியின் உரசலும் அடுத்த தெருவில் யாருக்கோ நடப்பதுபோல் தேய்ந்துவிடும். ஒரு வாரமாக அப்படித்தான். இன்று ஆற்றங்கரையில் வெறுங்கால் தடங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஓரத்தில் உருகியிருந்தது.

"நம்பர் சொல்லும்மா," என்றான் நர்ஸ் ஆர்னெல். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. தீக்காய வார்டில் குட்மார்னிங்குக்குப் பதில் இதைத்தான் கேட்பார்கள்.

"ரெண்டு. ஆர்னெல், இங்க யாரோ நடந்திருக்காங்க."

"துணைக்கு ஆள் வந்தாச்சா? அதிர்ஷ்டசாலி! நான் ரெண்டு வருஷமா தேடுறேன், ஒருத்தியும் வரல."

அவள் சிரித்தாள். காதுக்குள், மிக அருகில், ஒரு பெண் குரல் முனகியது.

"பத்து."

கட்டுப்போட்டுப் படுக்கைக்குக் கொண்டுவந்த பிறகு அந்தக் குரலைப் பற்றி அவனிடம் கேட்டாள். ஆர்னெலின் முகத்தில் கேலி அடங்கியது.

"உங்க அக்காவா இருக்கும். சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே. உங்களைக் கழுவுற நேரம் பார்த்து அவங்க துடிக்கிறாங்க. யாரும் தொடக்கூட இல்ல. இதயம் வேற பலவீனம், டாக்டருக்கே பயமா இருக்கு."

ட்ரெஸ்ஸா அந்தச் சுவரைப் பார்த்தாள். டகோமாவில் அவர்களுடைய மீன் வறுவல் வேனில் எண்ணெய் பற்றிக்கொண்டபோது அக்கா நோரீன் வெளியேதான் நின்றாள். தங்கைக்காகத்தான் உள்ளே ஓடிவந்தாள். அதில் முகமும் காதுகளும் போயின. அவளுக்கு இந்தக் கருவியை மாட்ட இடமே இல்லை. என் வலி எங்கே போகிறது என்று இத்தனை நாள் ஒரு தடவையாவது யோசித்தேனா, பாவி!

மறுநாள் கருவி வேண்டாம் என்றாள்.

"நிஜமாவா? மருந்து மட்டும் போதாதும்மா."

"வேண்டாம்னா வேண்டாம்."

துணி பட்டது. அலறினாள். எல்லாப் பெயர்களையும் சொல்லி அலறினாள், செத்துப்போன அம்மாவைக்கூட. உயிர் போய் உயிர் வந்தது. முடிந்ததும் ஆர்னெல் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொன்னான்.

"ஒரு நல்ல சேதி. உங்க அக்கா இப்பத்தான் அசந்து தூங்குறாங்க. குழந்தை மாதிரி."

அழுதுகொண்டே சிரித்தாள் ட்ரெஸ்ஸா. தாங்கிக்கொள்வேன். புதுத் தோல் ஒட்டும்வரை தினமும் தாங்கிக்கொள்வேன். அன்று முழுவதும் ஜன்னலில் சியாட்டில் மழை வழிவதைப் பார்த்தபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில் கட்டிலின் சக்கரம் உருண்டது. சோப்பு வாடை வந்தது. குழாய் திறந்தது. உடம்பு தானாக நடுங்கத் தொடங்கியது, பற்கள் கிட்டிக்கொண்டன, அக்கா, அக்கா என்று மனசுக்குள் பிடித்துத் தொங்கினாள்.

முதல் துடைப்பு.

"குடு."

"எதம்மா?"

"கருவியக் குடு."

"நேத்துதான் வேண்டாம்னு…"

"குடுடா!"

பனி. அமைதி. குளிர்ச்சி. அப்பாடா!

ஆற்றங்கரையில் பொம்மைகள் இல்லை. ஒன்றே ஒன்று நின்றது. அதற்குக் காதுகள் இல்லை. காலைச் சுற்றிப் பனி உருகிச் சேறாகியிருந்தது. உடம்பெல்லாம் கட்டுத்துணி. வெளியே ஆர்னெலின் கை அசைய அசைய, அந்தத் துணி தானாகச் சுற்றுச் சுற்றாகக் கழன்றது. துணியோடு மற்றதும் வந்தது.

அது அவளைத்தான் பார்த்தது. இமையில்லாமல்.

"நோரீன்…"

கருவியைக் கழற்ற வேண்டும். கையைத் தூக்கினால் போதும். பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். உடனே தொடையில் நெருப்பு. நிஜ நெருப்பு. எலும்புவரை.

விரல் திரும்பிப் போனது.

பந்து பறந்தது. நெஞ்சில் பட்டது. நெருப்பு அணைந்தது.

"ட்ரெஸ்ஸா," என்றது அது. கெஞ்சியது. "ட்ரெஸ், போதும்டி."

அவள் அழுதாள். அழுதபடியே குறிபார்த்தாள்.

நெஞ்சில் பந்து துளைத்த இடத்தில், விலா எலும்புகளுக்குப் பின்னால், சிவப்பாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. அதை நோக்கி மறுபடியும் அழுத்தினாள்.